அம்மாவின் கணக்கு நோட்டில் ‘குருவி’ என்று ஒரு பக்கம்

பால், மளிகை, கேஸ், கரண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் வைத்துக் கணக்கு எழுதுகிறவள் அம்மா. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, மேலே ‘குருவி’ என்று எழுதி அடிக்கோடு போட்டாள். கீழே மூன்று வரி. லவ் பேர்ட்ஸ் 1 ஜோடி 500. கூண்டு 850. தினை 1 கிலோ 90. ஆக 1,440.

அந்தக் கூட்டலோடு செலவு முடிந்தது, இனி மாதம் ஒரு கிலோ தினைதான் என்று நானும் நம்பினேன். இப்போது குருவிக் கணக்கு நாலாவது பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: “பையன் லவ் பேர்ட்ஸ் வேணும்னு ஒரே அடம் மேடம். உங்க வீட்ல இருக்காமே, எவ்வளவு ஆகும்?” ஐநூறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ராத்திரி அம்மாவிடம் நோட்டை வாங்கி உட்கார்ந்தேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். நம் ஊரில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் இந்தச் சின்னக் கிளியின் உண்மையான பெயர் பட்ஜரிகர். சுருக்கமாக பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் புல்வெளிகளில் தண்ணீரையும் புல்விதையையும் தேடி ஆயிரக்கணக்கில் கூட்டமாகத் திரியும் பறவை. 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கூண்டுகளில் பெருகிவிட்டது. நிஜமான லவ் பேர்ட்ஸ் வேறு. அவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை, வால் குட்டை, உடம்பு கொஞ்சம் கனம். காட்டில் இருக்கும் பட்ஜி பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும். நீலம், வெள்ளை, முழு மஞ்சள் எல்லாம் கூண்டில் வளர்த்து வளர்த்து வந்த நிறங்கள். பெயரைத் தெரிந்துகொள்வதில் ஒரு பிரயோஜனம் உண்டு: உடம்பு சரியில்லாதபோது சரியான பெயரைச் சொல்லித் தேடினால்தான் சரியான தகவல் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் பலபேர், “இதுக்குப் பதிலா நம்ம பச்சைக்கிளியே வாங்கியிருக்கலாமே, நல்லாப் பேசுமே” என்றார்கள். வாங்க முடியாது. நம் நாட்டுக் கிளிகள் எதையும் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியரை வனத்துறையினர் பிடித்த செய்தியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பட்ஜி வெளிநாட்டுப் பறவை, கூண்டிலேயே பிறந்து வளர்வது. அருகிவரும் உயிர்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தப் பட்டியலிலும் இது இல்லை. அதனால் வைத்துக்கொள்ளத் தடை கிடையாது.

சட்டத்தைத் தாண்டி எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. தகரக் கூண்டு. மாதத்துக்கு ஒருமுறை தாத்தா அதன் இறக்கையை விரித்துப் பிடித்துக்கொள்ள, பெரியப்பா கத்தரியால் நறுக்குவார். நாங்கள் குழந்தைகள் சுற்றி நின்று பார்ப்போம். கோவைப்பழம் கொடுப்போம், “அக்கா, அக்கா” என்று அது கூப்பிட்டால் பூரித்துப்போவோம். தோப்பில் மற்ற கிளிகள் கத்திக்கொண்டு பறக்கும்போது மட்டும் அது கம்பியோடு ஒட்டிக்கொண்டு தலையைச் சாய்த்து நிற்கும். அன்று அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இன்று அந்தக் காட்சி ஞாபகம் வந்தால் வயிற்றைப் பிசைகிறது. மகள் குருவி கேட்டபோது நான் போட்ட ஒரே நிபந்தனை, இறக்கையில் கத்தரி படக்கூடாது என்பதுதான்.

வாங்கப் போன இடத்தில் ஒரு கூண்டுக்குள் ஐம்பது அறுபது இருந்தன. மகள் ஒரு நீலத்தையும் ஒரு பச்சையையும் காட்டினாள். நீலத்தின் கழுத்தில் கறுப்புப் பொட்டுகள், அதனால் அது மிளகு. மற்றது கடுகு. இரண்டும் குஞ்சுப் பருவம் தாண்டி இரண்டு மாதம் இருக்கும். நெற்றி வரைக்கும் வரி வரியாகக் கோடுகள் இருந்தால் அது இளம் பறவை. மூன்று நாலு மாதத்தில் முதல் தடவை இறகு உதிர்க்கும்போது நெற்றிக் கோடுகள் மறைந்துவிடும். விற்றவர் ஆணும் பெண்ணும் என்று சொல்லிக் கொடுத்தார். அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் சதைப்பட்டையைப் பார்த்துத்தான் ஆண் பெண் சொல்ல வேண்டும்: வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சில் இரண்டுக்கும் இளஞ்சிவப்பாகவே இருப்பதால் தப்பாகப் போவது சகஜம். எங்கள் வீட்டில் ஐந்தாம் மாதம் இரண்டு மூக்கும் நீலமாகிவிட்டன. இரண்டும் பையன்கள்.

பிற்பாடு யோசித்துப் பார்த்தால் அது எங்களுக்கு நல்லதாகவே அமைந்தது. இரண்டு ஆண்கள் ஒற்றுமையாக இருக்கும், ஒன்றுக்கொன்று தலை கோதிவிடும், ஊட்டிவிடும். எதிர்வீட்டில் ஆண் பெண் ஜோடி வாங்கி, கடைக்காரர் கொடுத்த மண்பானையையும் கூண்டில் கட்டிவிட்டார்கள். பானையைப் பார்த்ததும் பெண் முட்டை வைக்க ஆரம்பித்துவிடும். ஒரு ஈட்டுக்கு நாலு முதல் ஆறு முட்டை, பதினெட்டு நாளில் பொரியும். ஒரு வருடத்தில் இரண்டு பதினாலானது. அடுத்தடுத்து முட்டை வைத்ததில் உடம்பில் சுண்ணாம்புச் சத்து வற்றி, ஒரு முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டு தாய்க்குருவி போய்ச் சேர்ந்தது. குஞ்சு வேண்டாம் என்றால் பானை கட்டாதீர்கள். குஞ்சு வேண்டும் என்றால், அத்தனையையும் யார் வளர்ப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் வாங்கிய 850 ரூபாய்க் கூண்டு வீண். பார்க்க அழகாக, கூம்பு வைத்து உயரமாக இருந்தது. பட்ஜி மேலே கீழே பறக்கிற பறவை இல்லை, பக்கவாட்டில் பறப்பது. உயரத்தைவிட நீளம்தான் வேண்டும். இரண்டு மாதத்தில் இரண்டரை அடி நீளத்தில் இன்னொன்று வாங்கினோம், 3,200 ரூபாய். கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும். துத்தநாகப் பூச்சு உரிந்துவரும் மலிவான கம்பிவலையும் ஆகாது. எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கும் ஜாதி இது, துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் விஷம். கூண்டோடு வந்த ஒரே கனமான வழுவழுப்பான குச்சிகளை எடுத்துவிட்டு, கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும் வெட்டிக் கழுவிக் காயவைத்து மாட்டினேன். ஓரிடத்தில் தடிமனாக, ஓரிடத்தில் மெல்லிசாக இருக்கும் கிளையில் உட்கார்ந்தால்தான் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண்ணாகாமல் இருக்கும். அதற்குச் செலவே இல்லை. எங்கள் குடியிருப்பின் பின்பக்கக் கொய்யாவுக்கு நன்றி.

சாப்பாட்டில் நாங்கள் செய்த தப்பைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வளர்க்கிற பலரும் அதைச் செய்கிறார்கள். வந்த இரண்டாவது வாரம் அது. கிண்ணம் நிறையத் தினை இருக்கிறதே என்று இரண்டு நாளாக நான் போடவில்லை. குருவிகள் கிண்ணத்தையே சுற்றிச்சுற்றி வந்தன. அம்மா வந்து கிண்ணத்தை எடுத்து ஒரு ஊது ஊதினாள். அத்தனையும் உமி. பறந்து தரையெல்லாம் விழுந்தது. அடியில் ஏழெட்டு மணி கூட இல்லை. பட்ஜி விதையை முழுசாக விழுங்காது. அலகால் உரித்து, உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். பார்க்கிறவர் கண்ணுக்குக் கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கும். “முறத்துல புடைச்சுப் பழகினவளுக்குத் தெரியும்டி, இது பதர்” என்றாள் அம்மா. அன்றிலிருந்து காலையில் கிண்ணத்தை ஊதுவது அவள் வேலை.

தினையும் கிளியும் நமக்குப் புதிய சோடி இல்லை. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, தட்டை, குளிர் என்ற ஒலிக் கருவிகளைத் தட்டிக் கிளி ஓட்டிய பெண்கள் சங்கப் பாட்டெல்லாம் நிறைந்திருக்கிறார்கள். வள்ளி செய்த வேலையே அதுதான். மகளுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னபோது, “அப்ப அவங்க ஓட்டினாங்க, நாம போடறோமா?” என்று கேட்டாள். ஆமாம், ஓட்டினவர்களின் பேத்திகள் நாம். கிலோ 110 கொடுத்து வாங்கிப் போடுகிறோம்.

ஆனால் தினை மட்டும் போதாது. வெறும் விதையிலேயே வளர்ந்தால் வைட்டமின் ஏ குறையும், அயோடின் குறையும், ஈரலில் கொழுப்பு சேரும். கூண்டுக் குருவிகள் பல தங்கள் ஆயுளில் பாதியைக்கூட முடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நன்றாகக் கவனித்தால் பட்ஜி ஐந்து முதல் எட்டு வருடம் இருக்கும், பத்தைத் தாண்டுவதும் உண்டு. எங்கள் வீட்டில் கம்பும் கொஞ்சம் கலப்போம். தினமும் காலையில் முருங்கைக்கீரை ஒரு கொத்து அல்லது கொத்தமல்லி, வாரத்தில் இரண்டு நாள் துருவிய கேரட். முதல் மூன்று வாரம் இரண்டும் கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பயந்து ஒதுங்கின. ஈரமான கொத்தமல்லிக் கட்டைக் கூண்டில் தொங்கவிட்டபோது அதில் உரசிக் குளிக்க ஆரம்பித்து, அப்படியே கடித்துப் பார்த்து, ருசி கண்டுகொண்டன. ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிட வேண்டும். சாக்லேட், வெண்ணெய்ப்பழம், வெங்காயம், காபி, உப்புப் போட்ட எதுவும் கூடாது. வீட்டுக்கு வரும் விருந்தாளி மிக்சரை நீட்டும்போது தடுக்கிற தைரியமும் வேண்டும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு வைப்பார்கள். செல்லப்பிராணிக் கடையில் அழகான பாக்கெட்டில் ஒன்று 80 ரூபாய். அதையே நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேட்டால் எடைபோட்டுத் தருவார்கள். குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கியது ஐந்து மாதம் வந்தது. கம்பியில் கட்டிவிட்டால் போதும், அலகும் தேயும்.

ஒரு ஜோடிக்கு மாதம் அரைக் கிலோ விதை, கீரை, அடியில் விரிக்கப் பழைய நியூஸ்பேப்பர், சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து 250 முதல் 300 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. தீனிச் செலவு யாரையும் பயமுறுத்தாது. நோட்டில் பெரிய எண்களெல்லாம் வேறு இடத்திலிருந்து வந்தவை.

வாங்கின வருடம் ஐப்பசி மழை. கொசு தாங்கவில்லை. எப்போதும்போல ஹாலில் கொசுவர்த்தி ஏற்றி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தோம். விடிகாலை நாலரை மணிக்கு அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தவள் என்னை உலுக்கினாள். “இது ஏன்டி இப்படி மூச்சு வாங்குது?” கடுகு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. மிளகு இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடியிருந்தது. கூண்டைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். மழைச் சாரலும் படக்கூடாது, காற்றும் வேண்டும். புடவைத் தலைப்பால் ஒரு பக்கம் மறைத்துக்கொண்டு விடியும்வரை நின்றேன். ஆறரை மணிக்கு மிளகு முதலில் தலையைச் சிலுப்பியது.

ஏன் அப்படி என்று அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நமக்குக் காற்று ஒரே வழியில் உள்ளே போய் வெளியே வரும். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். பறக்கிற உடம்புக்கு அவ்வளவு பிராணவாயு தேவை. அதே ஏற்பாட்டால், காற்றில் விஷம் இருந்தால் அதையும் நம்மைவிட வேகமாக உறிஞ்சிவிடும். உடம்போ மொத்தம் 35 கிராம். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஷவாயுவைக் கண்டுபிடிக்க 1986 வரைக்கும் கேனரிப் பறவையைக் கொண்டுபோனதும் இதனால்தான்.

அன்றோடு வீட்டில் கொசுவர்த்தி இல்லை, செருகி வைக்கும் திரவ மருந்தும் இல்லை. எல்லா ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் வலை அடித்தோம். 5,400 ரூபாய். இதை ‘வீடு’ பக்கத்தில் எழுதுவதா ‘குருவி’ பக்கத்திலா என்று அம்மா பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். கடைசியில் ‘குருவி’யில் எழுதினாள். “அதுங்களுக்காகத்தானே அடிச்சோம்” என்றாள்.

அடுத்தது தோசைக்கல். நான்ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு அளவுக்கு மேல் சூடானால் அதிலிருந்து வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். பக்கத்து அறையில் இருந்தாலும்கூட. நமக்கு வாசனைகூடத் தெரியாது. அடுப்பில் வைத்துவிட்டுப் போன் வந்து மறந்துபோவது எந்த வீட்டிலும் நடப்பதுதானே. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் கல் வாங்கினோம், 950. பழக்குவதற்குள் பத்து நாள் தோசை பிய்ந்துகொண்டே வந்தது.

சாம்பிராணிதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவது அம்மாவுக்கு நாற்பது வருடப் பழக்கம். அப்பா போன பிறகும் ஒரு வெள்ளி விட்டதில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் இல்லை. கொசுவர்த்திப் புகையில் அப்படி ஆன அடுத்த வெள்ளிக்கிழமை அவளாகவே தூபக்காலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நின்று நாலு திசைக்கும் காட்டிவிட்டு, தணலை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். இன்றுவரைக்கும் அப்படித்தான். இதற்கு நோட்டில் எந்த வரியும் கிடையாது. எங்கள் வீட்டில் குருவிகளுக்காக யாராவது உண்மையில் செலவு செய்தார்கள் என்றால், அது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சீலிங் ஃபேன் இன்னொரு எமன். இறக்கையை வெட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் தினமும் சாயங்காலம் ஐந்தரை முதல் ஆறரை வரை மகள் அறையில் திறந்துவிடுவோம். முதலில் ஃபேன் நிறுத்த வேண்டும், நின்றதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும், சுவிட்சின் மேல் டேப் ஒட்ட வேண்டும். அதன் பிறகு கதவைத் தாழ் போட்டு, கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போட்டு, அப்புறம்தான் கூண்டு. இந்த வரிசையை மகள் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் ஃபேன் இல்லாமல் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். வேர்த்து ஊற்றும். ஆனால் தோளில் 35 கிராம் வந்து உட்கார்ந்து, காதோரம் முடியைப் பிடித்து இழுக்கும். அந்தக் கோடையில் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு வாய் திறந்து மூச்சு வாங்கினால் குருவிக்கும் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். தட்டையான தட்டில் தண்ணீர் வைத்தால் இறங்கிக் குளித்துக்கொள்ளும். குடிக்கிற தண்ணீரைக் கோடையில் இரண்டு வேளை மாற்ற வேண்டும்.

தூக்கம் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். ஹாலில் சீரியல் ஓடும் வீட்டில் அது நடக்காது. அதனால்தான் கூண்டு மகள் அறைக்குப் போனது. ஏழரை மணிக்கு அம்மாவின் பழைய நூல் புடவையைப் போர்த்திவிடுவோம். மகள் அதற்கு மேல் படிப்பதெல்லாம் ஹாலில். தீபாவளி மூன்று நாளும் ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும். வெடிச் சத்தத்தில் இருட்டில் மிரண்டு பறந்து கம்பியில் அடிபட்டுவிடும். பொங்கலுக்கு ஊருக்கு எல்லோரும் சேர்ந்து போவது மூன்று வருடமாக இல்லை, யாராவது ஒருவர் இருந்துவிடுகிறோம்.

இனி கடுகைப் பற்றி.

போன ஆடியில் அது அதிகமாகத் தின்ன ஆரம்பித்தது. எப்போது பார்த்தாலும் கிண்ணத்தில். “நல்லாச் சாப்பிடுதுடி” என்று அம்மாவுக்கு சந்தோஷம். எனக்கும்தான். இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அது இறகை உப்பிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி, கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்திருந்தது. ஆரோக்கியமான பட்ஜி ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டுதான் ஓய்வெடுக்கும், அதுவும் உயரமான கிளையில். அடித்தட்டுக்கு இறங்கிவிட்டால் நாம் ஏற்கெனவே தாமதம். காட்டில் பலவீனத்தைக் காட்டுகிற பறவையைத்தான் பருந்து முதலில் எடுக்கும். அதனால் முடிந்த கடைசி நிமிடம்வரை நோயை மறைப்பது இவற்றின் சுபாவம்.

பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன். குருவி வாங்குவதற்கு முன்பே தேடியிருக்க வேண்டியது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பறவைகளையும் பார்க்கிறார்கள். தனியாரில் நாய், பூனை பார்ப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு, பறவைக்கு விரல்விட்டு எண்ண வேண்டும். நாங்கள் போன மருத்துவர் கடுகைக் கையில் எடுத்ததும் மார்பில் விரல் வைத்து, என் விரலையும் வைக்கச் சொன்னார். நடுவெலும்பு கத்தி முனைபோல நின்றது. இருபக்கமும் சதையே இல்லை. எடை 26 கிராம். எச்சத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இரைப்பையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை என்றார். முன்பு இதைப் பாக்டீரியா என்று நினைத்து மெகாபாக்டீரியா என்றே பெயர் வைத்திருந்தார்களாம். தின்னும், ஆனால் செரிக்காது. பசியோடு மேலும் தின்னும், மேலும் இளைக்கும். நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது அதன் பட்டினியைப் பார்த்து.

ஆம்போடெரிசின் என்ற மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் காலை மாலை சொட்டுச் சொட்டாக வாயில் விட வேண்டும், ஒரு மாதம். எச்சம் வழியாகத் தொற்றும் என்பதால் மிளகுக்கும் பரிசோதனை, மருந்து. இருவரையும் பிரிக்கப் பழைய 850 ரூபாய்க் கூண்டு பரண்மேலிருந்து இறங்கியது. திரும்பி வரும்போது ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு வாங்கினேன், 450 ரூபாய். இன்றைக்கு யார் கேட்டாலும் கூண்டுக்கு முன்னால் இதை வாங்குங்கள் என்பேன். வாரம் ஒருமுறை எடை பார்த்திருந்தால் 35, 33, 31 என்று இறங்கும்போதே தெரிந்திருக்கும்.

26, 27, 27, 28. மகள் காலண்டரில் எழுதிக்கொண்டே வந்தாள். 28 வந்த அன்று அம்மா பாயசம் வைத்தாள். பிறகு 27. 26. 25. இருபத்து மூன்றாம் நாள் காலையில் மருந்து கொடுக்கப் போன நான்தான் பார்த்தேன். குடியிருப்பின் பின்பக்கம் கொய்யா மரத்தடியில் மகளும் நானும் குழி தோண்டினோம். மூன்று மருத்துவர் வருகை, பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்த்து 3,900. அதில் இரண்டாவது மருந்துப் பாட்டில் திறக்கப்படவே இல்லை. அதையும் அம்மா எழுதியிருக்கிறாள்.

இதையெல்லாம் கூட்டித்தான் அலுவலக நண்பருக்குச் சொன்னேன். ஆரம்பத்திலேயே நல்ல கூண்டு, தராசு, கிண்ணங்களோடு 5,000 ரூபாய். மாதம் 300. மருத்துவத்துக்கென்று தொடாமல் ஒதுக்கி வைக்க 4,000. ஜன்னலுக்கு வலை இல்லையென்றால் அது தனி. இதற்கு மேல் தினமும் ஒரு மணி நேரம் வீட்டில் ஒருவர், அதுவும் ஏழெட்டு வருடத்துக்கு. “ஐநூறு ரூபாய்க் குருவிக்கு நாலாயிரம் வைத்தியமா மேடம்?” என்று அவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். ஐநூறு கடைக்காரர் போட்ட விலை சார் என்றேன். கடுகு எங்கள் வீட்டில் இரண்டே முக்கால் வருடம் இருந்தது. அதற்கு நோய் என்று தெரிந்த பிறகு மருத்துவரிடம் போகாமல் இருக்க எங்களில் யாராலும் முடிந்திருக்காது. அப்படி இருக்க முடியும் என்று தோன்றினால் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மிளகுக்கு மருந்து கேட்டது. பரிசோதனையில் பூஞ்சை இல்லை, எடை 36. ஆனால் பேச்சு நின்றுபோனது. ஆண் பட்ஜிகள் நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் பக் என்ற ஒரு பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரிந்திருந்தன என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. மிளகுக்கு நாலு. அதில் ஒன்று, அம்மாவின் அதே இழுவையில் “சாப்ட்டியாடா”. கடுகிடம்தான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். கடுகு போன பிறகு இரண்டு மாதம் ஒரு சொல் இல்லை. காலையில் ஒருமுறை உரக்கக் கூப்பிடும், பதில் வருகிறதா என்று கழுத்தை நீட்டிக் காத்திருக்கும், பிறகு அமைதியாகிவிடும். கூட்டமாக வாழப் பிறந்த பறவை. கண்ணாடி வைக்கலாம் என்றார்கள் சிலர். பிம்பத்தோடு பேசவைத்து அதை ஏமாற்ற எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த மாதம் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. மஞ்சள், ஆண், மூன்று மாதம். வீட்டிலேயே வைத்துப் பெருக்குகிற ஒருவரிடம் தாய் தகப்பனையும் பார்த்து வாங்கினோம், 600 ரூபாய். வந்த வழியிலேயே எச்சப் பரிசோதனை, 350. முடிவு நன்றாக இருந்தாலும் முப்பது நாள் தனி அறையில்தான் வைக்க வேண்டும். வேறு கிண்ணம், வேறு துணி. அதைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் மிளகிடம் போகிறோம். மகள் சீரகம் என்று பெயர் வைத்திருக்கிறாள். காலண்டரில் ஒவ்வொரு நாளும் அம்மா ஒரு புள்ளி வைக்கிறாள், இன்றைக்கு வைத்தது பத்தொன்பதாவது.

முதல் நாள் சாயங்காலமே சமையலறைப் பக்கத்து அறையிலிருந்து சீரகம் கத்தியது. மகள் அறையில் மிளகு அப்போது கீரை தின்றுகொண்டிருந்தது, அப்படியே நிறுத்திவிட்டது. நடுவில் இரண்டு கதவு. இப்போது காலை ஆறு மணிக்கு ஒன்று கூப்பிட மற்றது பதில் சொல்கிறது. நேற்று அம்மா பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மகள் அறையிலிருந்து “சாப்ட்டியாடா” என்று கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.